பன்னிரண்டு படி மீன் ஏணி

ஹைதராபாத் அமீர்பேட் மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது, எஸ்கலேட்டர் இருக்கிறது. அன்னக்கிளி அக்கா படிக்கட்டில்தான் இறங்குவார். அதுவும் நடுவழியில் நின்று, குனிந்து, ஒரு படியின் உயரத்தைக் கைவைத்து அளப்பார். காலை ஒன்பது மணிக் கூட்டம் அவர் முதுகில் முட்டிக்கொண்டு திட்டும். பக்கத்தில் நிற்கும் எனக்கு மானம் போகும். "ஆறு இஞ்சுதான் சுபா. ரெண்டு காலு இருக்கற மனுசனுக்கே ஆறு இஞ்சு" என்பார் நிமிர்ந்தபடி.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. தாத்தா காலத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து லாலாகூடா ரயில்வே பட்டறைக்கு வேலைக்கு வந்த குடும்பம். இப்போது வீடு அல்வாலில். அணைக்கட்டுகளுக்கு வரைபடம் போட்டுக்கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் அவர் கம்ப்யூட்டரில் வரைகிறவர். நான் டெண்டர் காகிதங்கள் தட்டுகிறவள். ஆபீஸில் தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான். யாரும் பென்சில் தொடாத இந்தக் காலத்தில் கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருப்பார். டீ வேண்டாம் என்றால் "நக்கோ", சம்மதம் என்றால் "ஹவ்". மகள் அக்ஷதாவிடம் தமிழில் கேட்பார், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். சண்டையும் அப்படியே இரண்டு மொழியில் நடக்கும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு தடுப்பணைக்கு மீன் ஏணி வரையச் சொன்னார்கள். மழைக்காலத்தில் மீன்கள் ஆற்றை எதிர்த்து நீந்தி, மேலே போய் முட்டையிடும். குறுக்கே அணை வந்தால் வழி அடைபடுகிறது. அதனால் அணையின் ஓரமாகப் படிப்படியாகத் தொட்டிகள் கட்டி, மேலிருந்து தண்ணீர் வழியவிட வேண்டும். மீன் ஒவ்வொரு தொட்டியாக ஏறி, இளைப்பாறி, அணையைத் தாண்டிப் போகும். எங்கள் ஆபீஸ் வழக்கம் ஒன்று உண்டு: கிடைக்கிற பழைய படத்தைத் திற, பெயரை மாற்று, தேதியை மாற்று, அனுப்பு. அக்காவுக்குக் கிடைத்தது ஏதோ வெளிநாட்டு ஆற்றின் படம். பதினெட்டு அடி அணைக்குப் பன்னிரண்டு படி, படிக்கு ஒன்றரை அடி. அப்படியே போட்டுக் கொடுத்தார். அப்படியே கட்டிவிட்டார்கள்.

"அந்த ஊரு மீனு ஆளு உயரத்துக்குத் துள்ளுமாம். நம்ம கெண்ட முக்கா அடிக்கு மேல போனா திரும்பிக்கும். அப்ப எனக்கு யாரு சொன்னா?" என்று என்னிடமே நூறு முறை கேட்டிருக்கிறார்.

ஜூலையில் வெள்ளம் வந்ததும் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அந்த அணைக்குப் போய்விடுவார். போன வருடம் நானும் கூடப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம். ஏணியின் அடித்தொட்டியில் மீன்கள் புரண்டுகொண்டிருந்தன. முதல் படிச் சுவரில் மோதி விழுவதும், மறுபடி வந்து மோதுவதுமாக இருந்தன. சுற்றிலும் வலையோடு ஆட்கள். ஒருவர் எங்களைப் பார்த்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துத் தெலுங்கில் சந்தோஷமாகச் சொன்னார்: "இதைக் கட்டினவங்க நல்லா இருக்கணும்மா. முன்னெல்லாம் ஆறு முழுக்க அலையணும். இப்ப எல்லாம் இங்கேயே வந்து நிக்குது." சொல்லிக்கொண்டே, வயிறு உப்பிய ஒரு மீனைத் தூக்கிக் காட்டினார். அக்கா "ஹவ்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில், ஹைதராபாத் எல்லை வந்த பிறகு சொன்னார்: "சினை மீனு சுபா. முட்ட போடத்தான வருது. நான் அத வாசல்ல கொண்டாந்து நிக்க வச்சிட்டேன்." சாப்பிட்டுவிட்டுப் போகலாமா அக்கா என்று கேட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

இந்த வருடம் வேறொரு ஆற்றில், அதே பதினெட்டு அடியில், இன்னொரு அணை வந்தது. அக்கா யாரும் கேட்காமலே பதினைந்து நாள் உட்கார்ந்து புது ஏணி வரைந்தார். படிக்கு முக்கால் அடி, மொத்தம் இருபத்து நான்கு படி. முதலாளி ஸ்ரீனிவாஸ் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். படத்தைப் பொறுமையாகப் பார்த்தார். ஏணி இரண்டு மடங்கு நீளம், யாரோ ஒருவருடைய நிலத்துக்குள் போகிறது, நிலம் எடுக்க ஒரு வருடம் ஆகும், வேலை கைவிட்டுப் போய்விடும் என்றார். "ஏணி இருக்கணும்னுதாம்மா விதி. பழையதையே போட்டுக் கொடு."

அக்கா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். "ராஜினாமா எழுதிக்குடுத்துட்டுப் போயிடலாமா அக்கா" என்றேன், வீராப்பாக. "போனா? நாளைக்கே வேற ஒருத்தன் தேதிய மாத்திக் குடுப்பான். அக்ஷதாவுக்கு இன்னும் ரெண்டு வருசம் காலேஜ் இருக்குது." புது ஏணிப் படத்தை மூடினார். "ஒண்ணு தெரியாம பண்ணேன் சுபா. இது தெரிஞ்சே பண்றேன்."

பழைய படத்தைத் திறந்தார். ஆற்றின் பெயரை மாற்றினார். தேதியை மாற்றினார். அந்த வெளிநாட்டுப் படத்திலிருந்து ஏணியோடு கூடவே வந்த ஒரு அலங்காரம் அதில் உண்டு: படிக்கு ஒன்றாக, துள்ளுகிற சின்னச் சின்ன மீன்கள். அதிகாரிகளுக்கு அது பிடிக்கும் என்று யாரும் எடுத்ததில்லை. அக்கா மேல் படியிலிருந்த மீனைப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்து அடித்தொட்டியில் விட்டார். பிறகு அதற்கு அடுத்தது. ஒவ்வொன்றாகப் பதினொன்று ஆனதும் தொட்டி நிரம்பிவிட்டது. மற்ற மீன்களைக் கொஞ்சம் நெருக்கித் தள்ளி, பன்னிரண்டாவதுக்கும் இடம் பண்ணி, பிரிண்ட் கொடுத்தார்.