ஓடிப்போகாத செல்வி

டிங்சர் வாசனை எங்கே அடித்தாலும், பட்டாபிராமில் ஒரு காலைப்பொழுதும் மலரின் முதுகும் என் கண்ணுக்குள் வந்துவிடுகின்றன. எட்டு வயது மலருக்குத் தாய் தகப்பன் இல்லை. வளர்த்த சித்தப்பன் பெல்ட்டால் அடிப்பான். அன்று அவள் தப்பித்து, என் பக்கத்து வீட்டில் இருந்த தாயின் தங்கை செல்வியிடம் ஓடிவந்தாள். காயத்துக்கு மருந்து தடவியபடியே நான், “இவளோட ரயிலேறி எங்கயாவது போயிடுடி” என்றேன்.

“இன்னாக்கா நீ! கமுக்கமா தூக்கினு போனா, புள்ளய கடத்திட்டேன்னு அந்தாளு போலீசுக்குப் போவான். எங்க கம்பெனில ஒருத்தி அப்டிதான் மாட்டிக்கினா.”

செல்வி அம்பத்தூர் வேலைக்கு லீவு போட்டாள். அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் காயங்களை எழுதி வாங்கி, அதோடு போலீசில் புகார் கொடுத்தாள். இலவச சட்ட உதவி வக்கீல் மூலம், தன்னைக் காப்பாளராக நியமிக்கக் கோர்ட்டில் மனுப் போட்டாள். குடும்ப மானம் போச்சே என்று தெருவே முணுமுணுத்தது.

“மானம் இவ முதுவுல கீது, பாத்துக்குங்க” என்றாள்.

நீதிபதி மலரைத் தனியே அழைத்து, யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்டார். “செல்வி சித்தி ஊடு” என்றாளாம். தீர்ப்பும் அப்படியே வந்தது.

இப்போதெல்லாம் அக்கம்பக்கத்தில் பிள்ளை அலறினால் நான் கதவைத் தட்டிவிடுகிறேன். யாருக்கும் ஓடிப்போக வழி சொல்வதில்லை. ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் கூடவே போகிறேன்.

செல்வியும் மலரும் அம்பத்தூருக்கே குடிபோன நாளில், “அந்த சித்தப்பன் தேடி வந்தா இன்னாடி பண்ணுவ?” என்று பஸ் ஜன்னலில் கேட்டேன். மலரை மடியில் இழுத்துக்கொண்டு செல்வி சிரித்தாள்.

“வரட்டுமே. மொதல்ல ஜட்ஜய்யாவ கேட்டுகினு வரச் சொல்லுக்கா.”