மூன்றரை மணிக்கு வந்து சேர்ந்த சரக்கு

செத்தவன் மேல் வழக்குப் போடுவதுதான் நம் நாட்டில் மிகச் சுலபமான காரியம். அவன் வாய்தா கேட்க மாட்டான், வக்கீல் வைக்க மாட்டான், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான். திருப்பூரில் இருபத்திரண்டு வருடமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். விபத்து வழக்குகளில் இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு மரத்தே போய்விட்டது. மறுபடி ரோஷம் வரவைத்தவர் பழனியம்மாள். எட்டாவது வரை படித்து, நெருப்பெரிச்சல் பகுதியில் ஒரு தையல் யூனிட்டில் டிசி எழுதிக்கொண்டிருந்தவர்.

டிசி என்பது சரக்கோடு போகிற சீட்டு. ஒரு பனியன் பெட்டிக்குள் போவதற்குள் அந்தத் துணி ஏழெட்டு இடத்தில் வண்டியேறி இறங்கும். ஒவ்வொரு நடைக்கும் எத்தனை பீஸ், எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது, யார் கொண்டுபோனது என்று எழுதியாக வேண்டும்.

பழனியம்மாள் குண்டடத்துக்காரர். கட்டியவன் விட்டுவிட்டுப் போனதும் நான்கு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்பூருக்கு வந்து கைமடி வேலைக்குச் சேர்ந்தார். தைக்கிறவர்களுக்குத் துணி எடுத்துக் கொடுப்பது, தைத்ததை மடித்து அடுக்குவது, இதுதான் கைமடி. காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் டிசி எழுதுகிற பையன் சொல்லாமல் நின்றுவிட்டான். "யாருக்காவது தமிழ்ல ஒழுங்கா எழுத வருமா?" என்று முதலாளி மாரப்பன் கத்த, இவர் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். முத்து முத்தான எழுத்து. அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தவரைப் பதினாறு வருடம் யாரும் எழுப்பவில்லை. அந்த நாற்காலியில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. இருக்கட்டுமே, உழைத்து வாங்கியது.

ஆனால் அந்த நாற்காலிக்கு ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது. சரக்கு போய்ச் சேர்கிற பேக்கிங் யூனிட்டும் மாரப்பனுடையதுதான், பெருமாநல்லூர் ரோட்டில். அங்கே வாங்கிக்கொள்கிற ஆள் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவனுக்கு அதற்கெல்லாம் பொழுதில்லை. 'ஏன் லேட்டு' என்று ஆர்டர் கொடுத்த கம்பெனியிலிருந்து போன் வேறு வரும். அதனால் கிளம்பும் நேரத்தை எழுதும்போதே, இருபது நிமிடம் கூட்டி, வந்து சேர்ந்த நேரத்தையும் பழனியம்மாளே எழுதி, அவன் கையெழுத்தையும் அவரே போட்டுவிடுவார். மாரப்பன் சொல்லித்தான். இங்கே பாதி யூனிட்டில் இதுதான் நடப்பு. பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே பெயர் வைப்பது மாதிரி. யாருக்கு என்ன நஷ்டம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நஷ்டம் கதிர்வேலுக்கு வந்தது. கதிர்வேல் அந்த யூனிட்டின் மூட்டைகளை எக்ஸ்எல் மொபெட்டில் கொண்டுபோகிறவன். வயது முப்பத்து நான்கு. பழனியம்மாளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். போன வருடம் ஆவணியில் ஒரு பிற்பகல், பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பெரிய கார் அவனை அடித்து மின்கம்பத்தில் வீசியது. ஆம்புலன்சுக்குப் போன் போனது மூன்று முப்பத்தைந்துக்கு. வந்து பார்த்தபோது உயிர் இல்லை. மூட்டை பிரிந்து குழந்தைச் சட்டைகள் ரோடெல்லாம் கிடந்தன.

காரை ஓட்டியவர் வெள்ளியங்கிரி. எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளி. மாரப்பனுக்கு ஆர்டர் கொடுப்பவரும் அவரேதான். தங்கமான மனுஷர் என்று பெயர். எங்கள் ஊரில் பொய் சொன்னாலும் 'ங்க' போட்டு மரியாதையாகத்தான் சொல்வார்கள். அவரும் அப்படியே சொன்னார்: "நான் மெதுவாத்தானுங்க வந்தேன். அந்தத் தம்பி ராங் சைடுல எதுக்க வந்துட்டாருங்க."

அவ்வளவுதான். போலீஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டது. அவன் கிடந்தது பேக்கிங் யூனிட்டுக்குப் போகிற பக்கத்தில். அங்கே சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தவன், ஒரு கிலோமீட்டர் சுற்றிவரச் சோம்பல்பட்டுத் தவறான பக்கத்தில் வந்தானாம். கிடந்த சட்டைகள், சரிசெய்யத் திருப்பி அனுப்பிய பீஸ்களாம். காரில் அடிபட்டு, கம்பத்தில் மோதி, வண்டி முன்னும் பின்னும் நசுங்கியிருந்ததால் அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. எதிரே இருந்த கேமரா அன்றைக்கென்று பார்த்து ரிப்பேர். டீக்கடைக்காரர் "நான் பாக்கலீங்க" என்றார். விபத்துக்குக் காரணமான குற்றவாளி கதிர்வேல், குற்றவாளி இறந்துவிட்டதால் வழக்கு முடிக்கப்படுகிறது என்று ஃபைலை மூடினார்கள். கொன்றவன் வீட்டுக்குப் போனான், செத்தவன் குற்றவாளி ஆனான். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் முதலில் நம்பத்தான் செய்தேன். மூட்டை வண்டிக்காரன் என்றால் ராங் சைடில்தான் வருவான் என்று நமக்கெல்லாம் ஒரு எண்ணம்.

கதிர்வேலின் மனைவி கிருத்திகா எங்கள் வக்கீலிடம் வந்து, விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார். எங்களிடம் ஒரு சாட்சியும் இல்லை. எதிர்த்தரப்பில் காரின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஒரு பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். மாரப்பன் தூக்கிக் கொடுத்த டிசி. கிளம்பியது மூன்று பத்து, வந்து சேர்ந்தது மூன்று முப்பது. அப்படியென்றால் மூன்று முப்பத்தைந்துக்கு அவன் திரும்பிக்கொண்டிருந்தான் என்றுதானே அர்த்தம்? அந்தச் சீட்டை உறுதி செய்யப் பழனியம்மாளையே சாட்சியாகப் போட்டார்கள்.

நான் அவர் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனேன்.

"ஏனுங்க, அந்தச் சீட்டு நீங்க எழுதுனதுதானுங்களா?"

"ஆமாங்க. என்ற எழுத்துதான்."

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு சொன்னார்: "அவன் கெளம்புனதே மூணு இருவத்தஞ்சுக்குங்க. லேபிள் மாறிப்போச்சுன்னு பன்னண்டு பீஸைப் பிரிச்சுத் தெச்சோம். அதுக்கப்பறந்தான் மூட்டை கட்டுனான். அவன் அங்க போய்ச் சேரவே இல்லீங்க."

"அப்ப அதைக் கோர்ட்டுல சொல்லுங்க."

"சொன்னா நான் பொய்க் கையெழுத்துப் போட்டவள்னு ஆயிருமுங்களே. வேலையும் போயிரும். எம் பொண்ணு கீர்த்தனா நர்சிங் கடைசி வருசம் படிக்கிறா."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "உங்க புள்ளை படிக்கறதுக்குக் கதிர்வேல் பலிங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அந்தம்மாவின் இடத்தில் நான் இருந்தால் கதவையே திறந்திருக்க மாட்டேன்.

மாரப்பன் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. "உன்னையப் பொய் சொல்லச் சொல்லலை பழனியம்மா. எழுத்து உன்னுதான்னு கேப்பாங்க. ஆமாங்கன்னு மட்டும் சொல்லு. அது நெசந்தானே?" எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, மொத்தமும் பொய். ஒரு வேலைக்காரியின் வாயாலேயே செத்தவனை இரண்டாம் தடவை சாகடிக்கிற வேலை.

அன்று கோர்ட்டில் வெள்ளியங்கிரி வெள்ளை வேட்டியில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மாரப்பன். பழனியம்மாள் கூண்டில் ஏறினார். டிசி புத்தகம் முழுதாக அன்றைக்குத்தான் கோர்ட்டுக்கு வந்திருந்தது. இன்சூரன்ஸ் வக்கீல் அதை விரித்து நீட்டினார்.

"இது உங்க எழுத்துதானே?"

"ஆமாங்க."

"மூணு முப்பதுன்னு போட்டதும் நீங்கதானே?"

"நாந்தானுங்க."

"அவ்வளவுதான், போதும்."

"போதாதுங்க" என்றார் பழனியம்மாள்.

வக்கீல் திரும்பிப் பார்த்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா" என்று அதட்டினார். நீதிபதியம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சாட்சி சொல்லட்டும்" என்றார்.

"அந்தக் கையெழுத்தும் நான் போட்டதுதானுங்க அம்மா. வாங்குனவரு போட்டதில்லை. சரக்கு கெளம்பறதுக்கு முன்னாலயே போய்ச் சேந்துதுன்னு எழுதிருவனுங்க. பதினாறு வருசமா அப்படித்தான். தப்புத்தான், என்னைய என்ன பண்ணோணுமோ பண்ணுங்க. ஆனா அடுத்த சீட்டையும் கொஞ்சம் திருப்பிப் பாருங்க."

எல்லோரும் அந்த ஒரு தாளைத்தான் பார்த்திருந்தோம். நீதிபதி தாளைத் திருப்பிச் சத்தமாகப் படித்தார். அதே தேதி. கிளம்பிய நேரம் ஐந்து. வந்து சேர்ந்த நேரம் ஐந்து இருபது. கொண்டுவந்தவர், கதிர்வேல்.

"மத்தியானமே ரெண்டு நடைக்கும் சேத்து எழுதி வெச்சுட்டனுங்க" என்றார் பழனியம்மாள். "மூணரைக்கு அவன் கொண்டுபோய்க் குடுத்தது நெசம்னா, அஞ்சு இருவதுக்குக் குடுத்ததும் நெசமாத்தான் இருக்கோணும். அப்ப அவன் சாகலை. இவங்களையே அவனைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க அம்மா. அவம் பொண்டாட்டி வெளிய பெஞ்சுல உக்காந்துட்டிருக்குது."

வெள்ளியங்கிரி குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மாரப்பன் பழனியம்மாளை வாசலிலேயே நிறுத்தி, "இனி வேண்டாமுங்க" என்றார். அதுவரை 'வா, போ' என்று பேசியவர், வேலையை விட்டு நீக்கும்போது மட்டும் மரியாதை கொடுத்தார். பழனியம்மாள் பெருமாநல்லூரில் இன்னொரு யூனிட்டில் சேர்ந்தார். டிசி எழுத யார் கொடுப்பார்கள்? மறுபடியும் கைமடிதான், நாற்பத்தெட்டு வயதில், நாள் முழுக்க நின்றபடி.

நான்கு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கார் ஓட்டியவரின் வேகமும் கவனக்குறைவுமே விபத்துக்குக் காரணம், இறந்தவர் மேல் எந்தத் தவறும் இல்லை. நான் போனில் சொன்னதும் பழனியம்மாள் வேலை முடிந்து நேராக எங்கள் ஆபீசுக்கு வந்துவிட்டார். தீர்ப்பு நகலை வாங்கி, கதிர்வேல் பெயர் வருகிற இடத்தையெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"குருசாமிண்ணா, போலீஸ் எழுதுன பேப்பர்ல குற்றவாளின்னு அவன் பேரு இருந்துதுங்களே. அதை எடுத்துட்டாங்களா?"

இந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. "இல்லீங்க. அது வேற, இது வேற. ஸ்டேஷன் ஃபைல்ல இன்னைக்கும் அவன்தான் குற்றவாளி."

"அந்தக் கார்க்காரரு மேல?"

"ஒண்ணுமில்லீங்க."

இதைச் சொல்ல எனக்கு நாக்கூசியது. பழனியம்மாள் நகலை மடித்து மேசையில் வைத்தார். கால் வலித்திருக்க வேண்டும், ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டார்.

"ஸ்டேஷன்ல அதையெல்லாம் எழுதறவரு காலைல எத்தனை மணிக்குங்க வருவாரு?" என்று கேட்டார். "நாளைக்கு நான் அரை நாள் லீவு சொல்லிக்கறேன்."