மேற்கு பார்த்த கூடம்

நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தை நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியவருக்குப் பணத்தில் குறைவில்லை, யோசனையில்தான் குறைவு. மலை உச்சியில் ஏற்றும் தீபத்தைப் பார்க்க வரும் பெரிய மனிதர்கள் குடும்பத்தோடு தங்குவதற்காக மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வீடு; எங்களுடையது மூன்றாவது மாடியில். பர்மா தேக்கு உத்தரம், பூப்போட்ட தரை, இரண்டு ஆள் உயரக் கதவு, வேலைக்காரர்கள் ஏறிவரப் பின்பக்கம் தனியாக ஓர் இரும்புச் சுழல்படி. எல்லாம் சரி. ஆனால் கூடம், படுக்கையறை, பால்கனி மூன்றையும் மலையைப் பார்த்து மேற்கே திருப்பிவிட்டார். சமையலறை மட்டும் கிழக்கே காற்று வாங்கிக்கொண்டிருக்கிறது.

வருஷத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்த இடத்திலிருந்தே தீபம் ஏற்றுவதைப் பார்க்கலாம். மற்ற நாளெல்லாம் மதியம் இரண்டு மணிக்கு உள்ளே வரும் வெயில் ஆறு மணிவரை எங்களோடு குடித்தனம் நடத்தும். எனக்கே அலுத்துவிட்டது. என் மனைவிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. போன சித்திரையில் மயங்கியே விழுந்துவிட்டாள்.

மகள் ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் எங்களுக்கு வீடு பார்த்துவிட்டு வந்தாள். “கீழ் வீடுப்பா. நல்லா காத்து வருது, வந்துடுங்க.”

“தீபம் முடியட்டும்,” என்றேன். வருஷா வருஷம் சொல்வதுதான். தீபத்தன்று சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து பால்கனியில் நிற்க, நடுவில் நான் மலையையே சொந்தமாக வாங்கியவன்போல நிற்பேன். அந்தப் பெருமையை விட மனசு வரவில்லை.

இந்தப் புரட்டாசியில் எதிர் லாட்ஜ்காரர் நாலாவது மாடி எழுப்பினார். மலை மொத்தமாக மறைந்துவிட்டது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், “பொண்ணுகிட்ட சொல்லிடு, போயிடலாம். இனிமே இங்க என்னா இருக்குது?” என்றேன்.

என் மனைவி கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். அந்த நேரத்தில் அவள் எப்போதும் சமையலறையில்தான் படுப்பாள்.

“இப்பதாங்க வெயிலு கம்மியாயிருக்குது. நான் எங்கயும் வரல,” என்றாள். “முப்பது வருஷமா உங்க தீபத்துக்காகத்தான் கம்முனு இருந்தேன்.”

வெட்கமாக இருந்தது. யாரோ ஒரு லாட்ஜ்காரர் அவளுக்குக் கொடுத்த நிழலை, ஒரு மூங்கில் தட்டி கட்டி நான் என்றைக்கோ கொடுத்திருக்கலாம்.