அலமேலுவைக் கொடுத்த மரகதம்மாள்

காலையில் கைக்குழந்தை ஒன்றைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். கடைத்தெருவுக்குப் போயிருந்த சுப்பம்மா கீரைக்கட்டைக்கூடக் கீழே வைக்காமல் நேராகக் கிணற்றடிக்கு வந்தாள்.

"அக்கா, நம்ம மரகதம்மா போயிட்டாங்களாம். மெட்ராஸ்லேர்ந்து ரயில்ல வந்தவரு சொல்லிகினு இருந்தாரு. முந்தாநேத்தே எடுத்துட்டாங்களாம்."

"ஆங்" என்றேன். குழந்தையின் நெற்றியில் கையை அணைத்து, கண்ணில் பயத்தமாவு இறங்காமல் தலையை அலசி முடித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. சுப்பம்மாவும் கீரையை ஆயப் போய்விட்டாள்.

பிறகு ஊரில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். பேசியவர்கள் எல்லோரும், எங்கள் காப்பகத்தை நடத்திய மரகதம்மாளை அனாதைகளின் தாய் என்றார்கள். அவரோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்: சமையலுக்குச் சுப்பம்மா, நர்ஸ் எஸ்தர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நான். எங்களை யாரும் பேசச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லலாமா என்று சிலர் கேட்பீர்கள். அவர் உயிரோடு இருந்தபோது அவரிடம் குறை சொல்ல யாருக்கும் வாய் வந்ததில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சண்டைக் காலத்தில், சென்னையில் குண்டு விழும் என்று ஊரே மூட்டை கட்டியபோது, எங்கள் குழந்தைகள் காப்பகத்தையும் திருத்தணிக்குக் கொண்டுவந்தோம். மலையடிவாரத்தில் ஒரு பழைய சத்திரம் கிடைத்தது. எந்த ஊர், யார் பெற்றது என்று தெரியாத பிள்ளைகள் தெருக் கிணற்றில் தண்ணீர் எடுப்பது அக்கம்பக்கத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் ஒரு கிருத்திகையன்று, கோயில் மடைப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கும் வீட்டார் ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினார்கள். வாசனைக்கே பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டன. மரகதம்மாள் பாத்திரத்தை மூடி, கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இன்னிக்கு துன்னா நாளைக்கும் வாசலைப் பாத்துகினு உக்காந்திருக்குங்க. எடுத்துகினு போங்க" என்றார்.

அன்று சுப்பம்மா கேழ்வரகுக் கூழைக் கிண்டிக்கொண்டே தெலுங்கில் அவரைத் திட்டித் தீர்த்தாள். எனக்குத் தெலுங்கு அரைகுறைதான். ஆனால் அன்று ஒரு சொல் விடாமல் புரிந்தது.

எங்களுக்கு அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. கைக்குழந்தை தவிர எந்தப் பிள்ளையையும் இடுப்பில் தூக்கக் கூடாது, மடியில் போட்டுத் தூங்கவைக்கக் கூடாது. ஒருமுறை காய்ச்சலில் கிடந்த பையனை எஸ்தர் மடியில் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னிலும் அவளை எழுந்து நிற்கவைத்தார். "நீ கண்ணாலம் கட்டிகினு போயிடுவே. அது அப்புறம் யாரு மடியைத் தேடும்? இறக்கு கீழே" என்றார். எஸ்தர் பையனைப் பாயில் கிடத்தினாள். அவன் அவளுடைய புடவைத் தலைப்பை விடவில்லை. மரகதம்மாள் குனிந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

அந்தச் சட்டத்தை நான் அலமேலு விஷயத்தில் காற்றில் பறக்கவிட்டேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. யாரோ மலைப்படியில் விட்டுப்போன பெண் அவள். முதலில் யாரிடமும் பேசமாட்டாள். என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டால்தான் சாப்பிடுவாள். ஒருநாள் என் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று அரக்கோணம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அலமேலு இல்லை. பொதட்டூர்பேட்டையில் தறி நெய்யும் ஒரு தம்பதிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார் மரகதம்மாள். அவர்களுக்குப் பிள்ளையில்லையாம்.

"நான் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாமே அம்மா. ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்பியிருப்பேன்."

"அதுக்குத்தான் நீ இல்லாதப்போ அனுப்பினேன்" என்றார்.

ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்கும். பொதட்டூர்பேட்டையில் இருக்கும் தன் அக்கா கணவர் வீட்டுக்குப் போய்வந்த சுப்பம்மா, என்னைத் தனியே கூப்பிட்டாள். அந்தத் தம்பதிக்கு இப்போது சொந்தமாக ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. அலமேலு அந்த வீட்டில் வேலைக்காரியாகிவிட்டாள் என்றாள். மரகதம்மாளிடம் போய்ச் சொன்னேன். "கொடுத்த பிள்ளை கொடுத்ததுதான். ஊர் வம்பைக் கேட்டுகினு வந்து என் எதிர்ல நிக்காதே" என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் நானும் சுப்பம்மாவும் அவரிடம் சொல்லாமல் பஸ் ஏறினோம். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ் அது. மேட்டில் ஏறமுடியாமல் நின்ற இடத்தில் எல்லோரும் இறங்கி நடந்தோம். தெருவெங்கும் தறிச் சத்தம். அலமேலு வாசலில் நின்றிருந்தாள். தலை மொட்டை. இடுப்பில் அவளால் தாங்கமுடியாத கனத்தில் ஒரு குழந்தை.

"இன்னா கண்ணு, என்னைத் தெரியலையா?"

"தெரியுது. நீ போயிடு. பாப்பா அழுதா அடிப்பாங்கோ" என்றாள்.

குழந்தையை மாற்றிப் பிடிக்கக் கையைத் தூக்கினாள். முழங்கைக்குக் கீழே கரண்டிக் காம்பு அகலத்தில் சூடு போட்ட தழும்பு, ஒன்றன்கீழ் ஒன்றாக. சுப்பம்மா குழந்தையை வாங்கிப் பக்கத்து வீட்டு அம்மாள் மடியில் வைத்தாள். நான் அலமேலுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். வளர்ந்த பெண்; கால்கள் என் முழங்காலைத் தொட்டன. பஸ் நிற்கும் இடம்வரை கீழே இறக்கவில்லை.

அடுத்த நாள் காலையிலேயே நெசவுக்காரரும் அவர் மனைவியும் இன்னும் நாலைந்து ஆண்களோடு வந்துவிட்டார்கள். அதற்குள் தெருவும் கூடிவிட்டது. "எங்க பொண்ணை ஊடு பூந்து தூக்கிகினு வந்துட்டாங்கோ. அனுப்புங்க" என்று அவர் கத்தினார். மரகதம்மாள் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. அலமேலுவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தழும்பு தெரிய அந்தக் கையை உயர்த்திப் பிடித்தார்.

"இதைப் போட்டது யாரு?"

நெசவுக்காரரின் மனைவி, "சொன்ன பேச்சு கேக்கமாட்டேங்கிறா..." என்று இழுத்தாள்.

"கேக்கமாட்டா. இனிமே உன் பேச்சை அவ கேக்கவே வேணாம். எவனுக்காவது தைரியம் இருந்தா என்னைத் தாண்டி உள்ள வா."

வந்த ஆண்களில் ஒருவர் படியேறினார். மரகதம்மாள் நகரவில்லை. அந்த ஆளின் முகத்தருகே தன் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்த மனிதர் இறங்கிப் போனார். நான் அதுவரை மரகதம்மாளை அவ்வளவு வெறுத்திருந்தும், அந்த நேரத்தில் அவர் காலில் விழுந்திருப்பேன்.

விழவில்லை. நல்லதாகப் போயிற்று. கூட்டம் கலைந்ததும் என் பக்கம் திரும்பி, "யாரைக் கேட்டு பஸ் ஏறினே?" என்றார். அன்றிலிருந்து பிள்ளைகள் அறைக்குள் நான் நுழையக் கூடாது. துணி துவைக்க வேண்டும். என்னை நம்பித் திரும்பிவந்த பெண்ணையும் என்னிடமிருந்து பிரித்தார். அலமேலு துவைக்கும் கல்லருகே வந்து நிற்பாள், உள்ளிருந்து அவர் குரல் வரும், போய்விடுவாள். மழைக்காலம் முழுக்க அப்படியே கழிந்தது. அவளை விசாரிக்காமல் கொடுத்தது தவறு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. எங்களிடம் வேண்டாம்; அந்தப் பெண்ணிடமாவது சொல்லியிருக்கலாம்.

ஆனால் அதன்பின் யார் வந்து பிள்ளை கேட்டாலும் அவர் உடனே கொடுக்கவில்லை. முன்கூட்டிச் சொல்லாமல் அந்த வீட்டுக்குப் போய், பொழுது சாயும்வரை ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டு வருவார். அங்கே என்ன செய்கிறீர்கள் என்று எஸ்தர் ஒருமுறை கேட்டாள். "சோறு போடறப்போ யாருக்குக் கடைசியா போடறாங்கன்னு பாக்கறேன்" என்றார். சண்டை முடிந்து, காப்பகத்தை எங்கள் பொறுப்பில் விட்டு அவர் சென்னைக்குத் திரும்பும்வரை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

இரங்கல் கூட்டம் முடிந்து வந்த அன்று அலமேலு, பள்ளிக்கூடம் போகும் பெண்ணாகிவிட்ட அலமேலு, என்னிடம் கேட்டாள்: "என்னை அனுப்பமாட்டேன்னு வாசல்ல நின்னாங்களே, அவங்கதானே?"

"ஆங்."

"என்னைக் குடுத்ததும் அவங்கதானே?"

"ஆங். அவங்கதான்."

நான் அவருக்காக ஒரு நல்ல வார்த்தை தேடிச் சொல்லவில்லை.

சுப்பம்மா, எஸ்தர், உங்கள் மனத்தில் அவர் எப்படி இருக்கிறாரோ எனக்குத் தெரியாது. அவர் மேல் எனக்குள்ள கோபம் அவரோடு எரிந்துவிடவில்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன். அவர் உட்கார்ந்துவிட்டு வந்த அந்த மூலையையும் வைத்துக்கொள்கிறேன். அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் பெண் குழந்தை கேட்டு வந்திருக்கிறது. நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். நாளைக் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். வருவதாக அவர்களிடம் சொல்லவில்லை.