பிறந்தநாள் முட்டை

வினார்சி செமராங் நகரத்துக்கு வந்தது பிழைப்புக்காக. கணவன் வேறொருத்தியோடு போன பிறகு சொந்த ஊரான பான்யுவாங்கியில் வாடகை கொடுக்க வழியில்லை. இங்கே ஒரு சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தாள். ஊர் மாறினால் பெரியவர்கள் எப்படியோ ஒட்டிக்கொள்வார்கள். பன்னிரண்டு வயது மகள் கினாந்திக்குத்தான் புதுப் பள்ளிக்கூடம் ஒட்டவே இல்லை. இடைவேளையில்கூட தனியாகத்தான் சாப்பிடுகிறாள் என்று வினார்சிக்குத் தெரியவந்தது.

இதற்குள் மகளின் பிறந்தநாள் நெருங்கியது. பிறந்தநாள் பிள்ளையைத் தோழிகள் பள்ளி வாசலில் மடக்கி, தலையில் முட்டை உடைத்து, மாவு கொட்டி, கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வது அந்த ஊர்ப் பிள்ளைகளின் வழக்கம். அன்றைக்குச் சுத்தமாக வீடு திரும்பும் பிள்ளைக்கு நாதியில்லை என்று அர்த்தம். மகள் அப்படி வருவதைப் பார்க்கும் தைரியம் வினார்சிக்கு இல்லை.

துவைத்த சீருடையை வாங்க டியாஸ்தி கடைக்கு வந்தாள். கினாந்தியின் வகுப்புதான், எப்போதும் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு திரிகிறவள். வினார்சி அவளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“கண்ணு, நாளைக்கு எங்க கினாந்திக்குப் பொறந்தநாளு. நீங்கல்லாம் சேந்து அவ தலையில முட்டை உடைங்கம்மா. முட்டையும் மாவும் நானே தரேன். அவளுக்குத் தெரிய வேணாம்.”

வினார்சி நீட்டிய பைக்குள் டியாஸ்தி எட்டிப் பார்த்தாள். “எல்லாம் நல்ல முட்டையா அத்தே? நாங்க அழுகினதத்தான் தேடிப் பிடிப்போம்!” என்று சிரித்தாள்.

வெகுளிப் பெண், நம் பிள்ளைக்கு ஏற்ற தோழி என்று வினார்சி பூரித்துப்போனாள். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்!

மறுநாள் கினாந்தி தலையிலிருந்து பாவாடை வரை மஞ்சளாக வந்து நின்றாள். வினார்சிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

“எவடி இப்படிப் பண்ணது? நல்லா மாட்டுனியா!” என்றாள், ஒன்றும் தெரியாதவள் போல.

“வரிசையா வந்து ஆளுக்கொண்ணு உடைச்சாளுங்க. யாரும் கட்டிப்பிடிக்கல. படமும் எடுக்கல. போகும்போது டியாஸ்தி, ‘வேலை முடிஞ்சுதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடு’ன்னா. அப்பத்தான் எல்லாரும் சிரிச்சாளுங்க.”

வினார்சி பதற்றத்தில் அடுப்பிலிருந்த சுடுதண்ணீரை லேசாக விளாவி மகளின் தலையில் ஊற்றினாள். அந்தச் சூட்டில் முட்டை திரண்டு முடியோடு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு துணுக்காகப் பிய்த்தெடுத்தாள்; அழுகை வந்தது.

“உனக்கு ஒரு துணை கிடைக்கட்டும்னுதான்டி...”

கினாந்தி குனிந்தபடியே இருந்தாள்.

“நேத்து வரைக்கும் என்னை யாரும் கண்டுக்கல மா. அதுவே பரவாயில்லாம இருந்துது.”