பத்து நிமிடச் சோதனை

காலை பதினொன்று பத்துக்குத் திரையில் முதலில் தெரிந்தது பாதி முகம். மீதி சாம்பல் கோடுகள். அடுத்தடுத்த கல்யாணப் படங்களும் அப்படியே.

திண்டிவனத்தில் என் ஸ்டுடியோ. எடிட்டிங் வேகமாக ஓடட்டும் என்று கம்ப்யூட்டர் மெமரி பதில் தர எடுக்கும் டைமிங்கைப் பதினெட்டிலிருந்து பதினாறாகக் குறைத்திருந்தேன். அந்த வேகத்தில் மெமரி பிழையில்லாமல் பதிகிறதா என்று பார்க்க மணிக்கணக்கில் ஓட வேண்டிய சோதனையைப் பத்து நிமிடத்தில் நிறுத்தினேன். ஒலக்கூர் கல்யாணப் படங்களை அதில்தான் காப்பி செய்தேன். அடுத்த முகூர்த்தத்துக்கு வேண்டுமென்று கேமரா கார்டை உடனே அழித்தும் விட்டேன்.

எதிரில் மணப்பெண்.

"அப்பா முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில படுத்துக்கினு, போட்டோ எங்கன்னு கேட்டுக்கினே இருக்காருண்ணா. அவரு என்கூட நிக்கிறது ஒண்ணாச்சும் குடுங்க."

"கார்டு பழசும்மா."

"புதுசுன்னு நீங்கதானேண்ணா அன்னிக்குச் சொன்னீங்க?"

அவள் எதிரிலேயே சோதனையை மறுபடி ஓடவிட்டேன். அரை மணியில் மெமரிப் பிழைகள் சிவப்பாக வரிசைகட்டின.

"தப்பு என்னோடதும்மா" என்றேன்.

டைமிங்கைப் பதினெட்டுக்கே மாற்றினேன். படங்கள் மாறவில்லை. ஒரு மணி நேர வீடியோவை எடிட் செய்வதில் அந்தப் பதினாறு எனக்கு மிச்சப்படுத்தியது இரண்டு நிமிடம்.