சின்ன ராஜா தொட்ட வடம்

எங்கள் ஊர் ஜமீனின் கடைசி வாரிசு மீசை சரியாக முளைக்கும் முன்பே செத்துப்போனார். "ராஜான்னு பேரு, ஒரு நாளாவது ஆண்டானா?" என்று டீக்கடையில் இன்றைக்கும் இளிக்கிறார்கள். இளிக்கட்டும். அவர் வீட்டு டிராக்டரை ஓட்டியவன் நான். எனக்குத் தெரியும்.

ஜமீன் ஒழிந்தது என் அப்பா காலத்தில். ஓடு சரிந்த வீடும் கொஞ்சம் கரும்புக் கொல்லையும்தான் மிச்சம். தேர்த்திருவிழாவுக்கு மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. வாரிசின் தலையில் கோயில் பட்டுத்துணியைப் பரிவட்டமாகக் கட்டுவார்கள். அவர் வடத்தைத் தொட்டுக் கொடுத்தால்தான் தேர் நகரும். அவர் ஊரில் இருக்கும்போது வேறு தலையில் கட்டக்கூடாது. அந்தத் தேர் ஊர்த் தெருக்களைத்தான் சுற்றும். எங்கள் காலனிக்கு வராது. தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவோம்.

பெண்ணாடம் ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் பொழுது முழுக்க வரிசையில் நிற்கும். வெயிலில் கரும்பு காயக் காய எடை குறையும், நமக்கு வயிறு எரியும். வாரிசான சின்னவரும் என்னோடு டிரெய்லர் நிழலில் உட்கார்ந்திருப்பார். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. வேகமாக நடந்தால் உதடு நீலம் பாரித்துவிடும். என்னை "மாமா" என்பார். ஊர்க்காரர்கள் எங்களை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஒரு நாள் சும்மா இருக்காமல் சீண்டினேன்.

"பரிவட்டம் கட்டிக்கிறீங்களே, எங்க தெருப் பக்கம் தேர திருப்ப முடியுமா?"

"எனக்கு என்னா அதிகாரம் இருக்குது மாமா? தொட்டா நகருது, அவ்ளோதான்."

"தொடலன்னா?"

அவர் ஒரு கரும்பை உருவி மென்றுகொண்டே இருந்தார்.

அந்த வருஷம் கோயில் கூட்டத்தில் எழுந்து, தேர் காலனிக்குப் போனால்தான் தொடுவேன் என்று சொல்லிவிட்டார். ஊரே கொதித்தது. அதே வாரம் சிதம்பரத்து டாக்டர், உடனே வந்து ஆஸ்பத்திரியில் படு என்றார். சின்னவருடைய சித்தப்பாவுக்கு வாயெல்லாம் பல். வாரிசு ஊரில் இல்லையென்றால் பரிவட்டம் அவருக்குத்தானே.

நான் கார் பேசிக்கொண்டு போய் நின்றேன். "ஏறுங்க. தேரு எங்க ஓடிப்போவுது? அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசம் நான் இருக்கணுமே மாமா. நீ காரத் திருப்பி அனுப்பு."

தேரன்று பரிவட்டத்தோடு வந்தவர், வடத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது. சித்தப்பா வந்து கெஞ்சினார், பிறகு திட்டினார்.

"எழுந்து தொடுடா, மானத்த வாங்காத! அதான் காலனித் தெரு முனை வரைக்கும் போவும்னுட்டாங்கல்ல?"

"முனைக்கு இல்ல சித்தப்பா. கடைசி வூடு வரைக்கும்."

"நீ என்னா பெரிய ராஜாவா?"

"இல்லன்னா நீங்களே இழுத்துக்குங்க. என்னை எதுக்குக் கெஞ்சறீங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் ஊர்ப் பெரியவர்கள் இறங்கி வந்து ஒப்புக்கொண்டார்கள். அவர் நீல உதட்டோடு எழுந்து வடத்தைத் தொட்டார். தேர் எங்கள் தெருவுக்குள் வந்தது. தேரை எப்படி வரவேற்பதென்று எங்களில் யாருக்கும் தெரியாது. என் பெண்டாட்டி கல்யாண ஜோடிக்குச் சுற்றுகிற மாதிரி சாமிக்கு ஆரத்தி சுற்றி, அந்தத் தண்ணீரைத் தேர்ச்சக்கரத்தில் ஊற்றினாள். தேரிலிருந்த ஐயர் மணியை ஆட்டினார்.

மழைக்காலம் தொடங்கும் முன்னே சிதம்பரம் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போனது. என் சீண்டல்தான் காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவரைத் தலையாட்டி பொம்மை என்று நினைப்பவர்கள் அப்படிச் சொல்லிக்கொள்ளட்டும்.

மறு வருஷம் பரிவட்டம் சித்தப்பா தலையில். வடம் தொடும் முன்பே, "காலனிக்கெல்லாம் போவாது. அது அவன் காலத்தோட போச்சு" என்றார். நாங்கள் அதற்குள் வடத்தைப் பிடித்து நின்றிருந்தோம். பெண்கள்தான் முன்னால். ஊர்ப் பையன்களும் பாதிப் பேர் கையை எடுக்கவில்லை.

என் பெண்டாட்டி முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஐயா, தொடுறதுன்னா தொடுங்க. இல்லாட்டி ஒதுங்கி நில்லுங்க, சக்கரம் வருது."

சித்தப்பா தொடவில்லை. தேர் நகர்ந்தது.